லைசன்ஸ் மாதத்து மஞ்சள் விளக்கு

கொழும்பு முகத்துவாரத்தில் கார் வைத்திருப்பவருக்கு வருடத்தில் ஒரு வாரம் பக்தி முற்றிவிடும். அது காளி கோயில் திருவிழா வாரமும் அல்ல, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் வாரமும் அல்ல. காரின் வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாவதற்கு முந்திய வாரம். பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். ஊர் வாயில் அது ‘எமிஷன்’. வருடம் முழுக்கச் சும்மா கிடந்த செக் எஞ்சின் லைட் அந்த வாரம் பார்த்துக் கண் விழிக்கும். அளுத்மாவத்தை வீதியில் எரியும். ஆமர் வீதிச் சந்தியில் அணையும். கராஜ் வாசலில் நிறுத்தினால் மெக்கானிக் பாஸ் உள்ளே எட்டிப் பார்த்து, “எங்க சேர் லைட்?” என்பார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடி எரியும். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம்தான். ஆனால் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவதல்லவா அவருடைய துறை? இருப்பதைத் தொலைத்துத் தாரும் என்று கேட்டால் அவர்தான் என்ன செய்வார்?

என் கட்சி இதுதான்: அந்த விளக்குக்கும் எமிஷனுக்கும் நடுவே நாம் போட்டு வைத்திருக்கும் முடிச்சு கொழும்பில் கிடையாது. 2008இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த இந்தப் பரிசோதனை காரின் பின்பக்கத்தில் நடக்கிறது. பெற்றோல் காரென்றால் சைலன்சர் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகி, எஞ்சின் சும்மா ஓடும்போது ஒரு தடவையும் நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடும்போது ஒரு தடவையுமாகக் காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் எவ்வளவு வருகிறதென்று பார்ப்பார்கள். டீசல் என்றால் அக்சிலரேற்றரைச் சட்டென்று மிதிக்க வைத்துப் புகையின் கறுப்பை அளப்பார்கள். சித்தியா தோல்வியா என்று எழுதுவது அந்த எண்கள்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்திருக்கும் பதினாறு ஊசிச் சொருகியில் வயர் மாட்டி, ‘உனக்கு உள்ளே ஏதாவது குறையா தம்பி’ என்று காரின் கணினியிடம் கேட்பது அந்தப் பரிசோதனையில் இல்லை. ஆகவே விளக்கு எரிந்தபடியே சித்தியடையலாம். விளக்கு அணைந்து கிடக்கத் தோற்றும் போகலாம். நாம் பயப்படுவது சரி. பயத்தின் விலாசம்தான் பிழை.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெளிநாட்டு அழைப்பில் வந்தது. ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு இந்தப் பயம் நியாயமானது. ஒன்ராறியோ மாகாணத்தின் ‘டிரைவ் கிளீன்’ திட்டம் 1999இல் தொடங்கியபோது அங்கேயும் குழாயைத்தான் மோந்து பார்த்தார்கள்; 2013இலிருந்து காரின் கணினியையே கேட்கத் தொடங்கினார்கள். விளக்கு எரிந்தால் தோல்வி. 2019 ஏப்ரலில் கார்களுக்கு அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது, ஆனால் சித்தப்பாவின் ஆலோசனைக்கு ஓய்வு வயது கிடையாது. லண்டனில் இருக்கும் மச்சானுக்கோ 2018 மே 20 முதல் எம்ஓடி வாகனச் சோதனையில் இந்த விளக்கு எரிந்தாலே தோல்வி. இரண்டு பேரும் மெய்யாகவே அனுபவப்பட்டவர்கள், நம்மில் அக்கறையுள்ளவர்கள். அவர்கள் சொன்ன வைத்தியம் அவர்கள் ஊர் நோய்க்கு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் இருக்கும் நாம் அதை வாங்கி நம் ஊர் நோய்க்குப் பூசிக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த விளக்கு பிறந்ததே புகைக்காகத்தான். கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் கொடுத்த நெருக்கடியில் உருவான, காரின் கணினி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஓபிடி 2 முறை, 1996 மாதிரி ஆண்டிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. பிரேக் தேய்ந்ததற்கோ ரயரில் காற்றுக் குறைந்ததற்கோ இந்த விளக்கு எரிவதில்லை. அவற்றுக்கு வேறு விளக்குகள் இருக்கின்றன. காரிலிருந்து வெளியேறும் நச்சு, அனுமதித்த அளவைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய கோளாறு வந்தால் எரிய வேண்டும் என்பதே விதி. அதாவது புகையைப் பற்றிப் பேசுவதற்கென்றே பெற்று வளர்த்த ஒரே பிள்ளையைப் புகை விசாரணை நடக்கும் நாளில் நாம் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. அது போதாதென்று முதல்நாள் இரவு அதன் வாயையும் கட்டிவிடுகிறோம்.

விளக்கு விட்டு விட்டு எரிவதைக் கண்டதும் பல்பில் கோளாறு, சென்சர் கிறுக்கு, கார் நடிக்கிறது என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறோம். உண்மையில் காரின் கணினி நம்மில் பலரைவிட நிதானமானது. ஒரு கோளாறைக் கண்டவுடன் அது கூச்சல் போடாது. பெரும்பாலான கோளாறுகளில் முதல் பயணத்தில் மனதுக்குள் குறித்துக்கொண்டு பேசாமல் இருக்கும். அடுத்த பயணத்திலும் அதையே கண்டால்தான் விளக்கை ஏற்றும். பிறகு தொடர்ந்து மூன்று பயணம் அந்தக் குறையைக் காணாவிட்டால் தானே அணைத்துவிடும். அணைத்தாலும் மறந்துவிடாது. எஞ்சின் குளிர்ந்து மறுபடி சூடேறுவது ஒரு நாற்பது தடவை நடக்கும்வரை கோளாறின் இலக்கம் நினைவில் கிடக்கும். ஆகவே திங்கள் எரிந்து வியாழன் அணைந்தது என்றால் கோளாறு தீர்ந்ததென்று அர்த்தமல்ல, மூன்று பயணம் அது தலைகாட்டவில்லை என்றுதான் அர்த்தம். “லைட் இல்லையே சேர்” என்று திருப்பி அனுப்பும் பாஸ் விளக்கைப் பார்த்தாரே தவிர நினைவைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கணினி நிதானத்தைக் கைவிடும். விளக்கு நிலையாக எரியாமல் படபடவென்று மினுங்கினால், சிலிண்டரில் எரியாத பெற்றோல், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றிக்குள் போய் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது மெதுவாக ஓரங்கட்ட வேண்டும். சித்தப்பாவுக்கு அழைப்பெடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முகத்துவாரத்தில் இது விட்டு விட்டு எரிவதற்கு ஊரே பாதிக் காரணம். களனி கங்கை கடலில் விழும் மூலை இது. உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிற இடத்தில் காரின் வயர் முனைகளை மட்டும் விட்டுவைக்குமா? இன்றைய காரில் சென்சர்களிலிருந்து கணினிக்குப் போவது மிகச் சிறிய மின்னழுத்தம். சைலன்சரில் குந்தியிருக்கும் ஒட்சிசன் சென்சர் பேசுவதெல்லாம் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். முனையில் பச்சைக் களிம்பு படிந்தால் அந்த ஒரு வோல்ட்டும் குழறும். மழை பெய்தால் ஈரத்தில் ஒரு மாதிரி, வெயிலில் உலோகம் விரிந்தால் இன்னொரு மாதிரி, குழியில் விழுந்து எழும்பினால் வேறொரு மாதிரி. இதற்கு மேல் எலி. மீன்பிடித் துறைமுகத்தின் எலிகளுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இரவில் சூடான எஞ்சினுக்கு மேலே படுத்துக்கொண்டு பொழுதுபோக்காக வயர் கடிக்கின்றன. பாதி கடிபட்ட வயர் முழுதும் அறுந்த வயரைவிடக் கேடானது. அறுந்தது நாள் முழுக்க அறுந்தபடியே இருக்கும், எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிப்பார். பாதி அறுந்தது கராஜுக்குள் நுழைந்ததும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் இந்த மாதிரிக் கோளாற்றில் ஸ்கேனரைவிடப் பெறுமதியானது ஒரு கொப்பியும் பேனையும் என்கிறேன். பிள்ளை பிறந்த நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதி வைப்பவர்கள் நாங்கள். பெண் பார்க்கப் போகவும் ராகுகாலம் பார்ப்பவர்கள். விளக்கு எரிந்த நேரத்தைக் கேட்டால் மட்டும், “அது எப்பவோ, போன கிழமையா இருக்கும்” என்போம். எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடா, மழையா வெயிலா, ஏசி ஓடியதா, பெற்றோல் அடித்த உடனேயா, களனிப் பாலம் ஏறும்போதா இறங்கும்போதா என்று குறித்துக்கொண்டு போனால் பாஸின் வேலையில் பாதி முடிந்தது. கணினியும் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். கோளாறு பதிவான அந்தக் கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்று, வேகம் எவ்வளவு, தண்ணீரின் சூடு எவ்வளவு என்று உறையவைத்த ஒரு படம். நல்ல ஸ்கேனர் அதைக் காட்டும். இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எஞ்சினை ஓடவிட்டு, சந்தேகப்பட்ட வயரை முனையிலிருந்து ஒவ்வோர் அங்குலமாக ஆட்டிக்கொண்டு வந்தால், ஏதோ ஓரிடத்தில் எஞ்சின் ஒரு இருமல் இருமும். அந்த அங்குலம்தான் குற்றவாளி. களிம்பைத் துடைத்து முனையை இறுக்கினால் முடிகிற வேலையாகவும் அது இருக்கலாம்.

“இவ்வளவு பாடு எதற்கு? எமிஷன் விளக்கைப் பார்ப்பதில்லை என்று நீரே சொன்னீரே. பற்றரி வயரைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும், போய்ச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதானே?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. முதலில், பார்க்காத விளக்கை எதற்காக அணைக்கிறீர்கள்? அடுத்தது, பற்றரியைக் கழற்றும்போது விளக்கு மட்டும் போவதில்லை. உறையவைத்த படம் போகிறது. கோளாறைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயத்தைக் கையால் துடைக்கிறோம். அதோடு கார் மாதக்கணக்கில் படித்த பாடமும் அழிகிறது. இந்த எஞ்சினுக்குப் பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும், கரி பிடித்த திரொட்டிலை எவ்வளவு திறந்தால் சும்மா ஓடும்போது நடுங்காது என்றெல்லாம் கணினி மெல்ல மெல்லக் கற்று வைத்திருக்கும். அழித்த மறுநாள் காலை அது மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. அன்றைக்குப் பார்த்து நாம் அதைப் பரிசோதனை மண்டபத்துக்குள் விடுகிறோம். எஞ்சின் நடுங்கும், கலவை பிசகும், கம்பி செருகிய குழாயில் ஐதரோகாபன் ஏறும். தேறக்கூடிய காரைத் தோற்க வைக்க இதைவிட நேரான வழி கிடையாது.

அடுத்த ஆட்சேபம் காசைப் பற்றியது, அதில் நியாயம் இருக்கிறது. ஒரு கராஜில் ஸ்கேன் பண்ணினால் ‘பி 0171’ என்கிறார்கள். ஒட்சிசன் சென்சர் மாற்றச் சொல்கிறார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் ஜப்பானில் கழற்றியது என்று சொல்லப்படும் ஒன்றை வாங்கி மாட்டினால் இரண்டு நாள் அணைந்து மூன்றாம் நாள் எரிகிறது. இன்னொரு கராஜ் பெற்றோல் பம்ப் என்கிறது. இதில் ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை யாரும் கேட்கவில்லை. பி 0171 என்பது எந்தச் சாமானின் பெயரும் அல்ல. கலவையில் பெற்றோல் குறைவு, காற்று மிச்சம் என்பது மட்டுமே அதன் சேதி. காற்று மிஞ்சியது வெடித்த இறப்பர்க் குழாயாலா, அழுக்கடைந்த காற்றளவு சென்சராலா, பம்ப் களைத்ததாலா என்பதை ஆள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சேதி கொண்டுவந்தவனைப் பிடித்து மாற்றுவதற்குத்தான் நாம் இத்தனை காசு கொடுக்கிறோம். பி 0420 இன்னும் மோசம். வினையூக்கி மாற்றி சரியாக வேலை செய்யவில்லை என்கிற இலக்கம் அது. மாற்றிக்குள் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் பூசியிருப்பதால் புதிது வாங்கப் போனால் தலை சுற்றும். கழற்றிக் கொடுத்தால் வாங்குவதற்கு மட்டும் ஆள் உண்டு. இந்த இலக்கத்தைக் கண்டதும் மாற்றியைக் குற்றஞ்சாட்டுமுன் அதற்கு முன்னால் சைலன்சரில் எங்காவது காற்றுக் கசிகிறதா என்று பார்ப்பதற்குச் சோப்புத் தண்ணீரும் பொறுமையும் போதும்.

காசைப் பற்றிய இந்தக் கவலைக்கு நாட்டின் கதையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022இல் பெற்றோலுக்கே கியூஆர் குறியைக் காட்டி வரிசையில் நின்றோம். அத்தனை வருடமும் இருந்த காரையே ஒட்டுப்போட்டு ஓட்டியதால் அந்தக் கார்களில் மஞ்சள் விளக்கு எரிவது ஒன்றும் அதிசயமல்ல. அதிசயம் எரியாத கார்கள்தான். ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர் ஒன்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், டாஷ்போர்டைக் கவனியுங்கள். மற்ற விளக்குகளோடு எஞ்சின் விளக்கும் அப்போது எரிந்தாக வேண்டும். பல்ப் உயிரோடிருக்கிறது என்று அது கொடுக்கும் சத்தியம் அது. எரியாவிட்டால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது கறுப்புத் துண்டு ஒட்டியிருக்கிறார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள் அதன் வயரைப் பக்கத்து ஒயில் விளக்கோடு முடிந்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தால் அந்தக் காருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு முற்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

“சான்றிதழில் சித்தி என்று இருக்கிறதே, பிறகென்ன கோளாறு?” என்பது கடைசி அரண். பரிசோதனை பார்ப்பது சில நிமிடத்து மூச்சை, அதுவும் நின்ற இடத்தில். விட்டு விட்டு வரும் கோளாறு அந்தச் சில நிமிடத்தில் வராமலிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பாலம் ஏறும்போது மட்டும் தவறுகிற சிலிண்டர், பாரமில்லாமல் நிற்கும்போது பத்தரைமாற்றுத் தங்கம். உலகத்தின் பெரிய கம்பனிகளில் ஒன்றான வொக்ஸ்வாகன் இந்த ஓட்டையை வைத்தே வியாபாரம் பண்ணியது. பரிசோதனை நடக்கிறதென்று கார் தானே மோப்பம் பிடித்து அந்த நேரம் மட்டும் சுத்தமாக மூச்சுவிடும்படி மென்பொருள் எழுதி, உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் கார்களில் போட்டு வைத்திருந்தார்கள். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் அதை அம்பலப்படுத்தியது. வீதியில் அந்தக் கார்கள் கக்கிய நைதரசன் ஒட்சைட்டு அனுமதித்த அளவைப் போல நாற்பது மடங்குவரை இருந்ததென்றது முகவரகம். அவர்கள் மென்பொருளில் செய்ததை நாம் பற்றரி வயரில் செய்கிறோம். நம்முடையது சின்ன அளவு, ஏமாறுவதும் நம்முடைய காசுதான்.

விளக்கு எரியாமலே தோற்கும் கார்களும் இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வினையூக்கி மாற்றி சுமார் 250, 300 பாகை சூடேறினால்தான் வேலைக்கு வரும். முகத்துவாரத்திலிருந்து கொட்டாஞ்சேனைவரை நெரிசலில் ஊர்ந்து, வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்த கார், கம்பி செருகும் நேரம் குளிர்ந்துபோய்த் தன் நல்ல குணத்தைக் காட்டாமல் போகலாம். பேலியகொடைப் பக்கத்தால் கட்டுநாயக்க நெடுஞ்சாலையில் ஏறி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு நேரே போவது ஏமாற்றல்ல; கார் எந்தச் சூட்டில் ஓட வேண்டுமென்று வடிவமைத்தார்களோ அந்தச் சூட்டில் காட்டுவதுதான். பிரியஸ்காரருக்கு இன்னொரு தொல்லை: அவருடைய கார் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும், கம்பியைச் செருகினாலும் மோக்க ஒன்றுமில்லை. எஞ்சினை விடாமல் ஓடவைக்கும் பரிசோதனை நிலைக்குப் போக, ஸ்டார்ட் பண்ணாமல் கியர் ‘பி’யில் அக்சிலரேற்றரை இரண்டு தரம், ‘என்’இல் இரண்டு தரம், மறுபடி ‘பி’யில் இரண்டு தரம் அடிவரை மிதிக்க வேண்டும், அதுவும் ஒரு நிமிடத்துக்குள். பக்கத்தில் நிற்பவர் சேருக்குக் கால் பிடித்துக்கொண்டதென்றே நினைப்பார்.

இதெல்லாம் கேட்டபின், அப்படியென்றால் கொழும்பிலும் விளக்கைப் பரிசோதனையில் சேர்க்கச் சொல்லலாமே என்று யாராவது சொல்லக்கூடும். நம் கார்களில் பெரும்பங்கு வந்த ஜப்பானிலேயே 2024 ஒக்டோபரிலிருந்து புதிய மாதிரிகளுக்குக் கட்டாய வாகனச் சோதனையில் கணினியைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீதியில் ஓடுவதில் பாதிக்குக் கேட்பதற்குக் கணினியே இல்லை. பழைய டீசல் பஸ்ஸும் லொறியும் ஓட்டோவும் வாயில்லாப் பூச்சிகள். விளக்கைச் சட்டமாக்கினால், உண்மையைச் சொல்லத் தெரிந்த சின்ன விற்ஸ் காருக்குத் தண்டனையும், வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு போகும் 155ஆம் இலக்க பஸ்ஸின் மௌனத்துக்குச் சன்மானமும் கிடைக்கும். மறுநாளே பஞ்சிகாவத்தையில் விளக்கணைக்கும் கருவி ஒன்று விற்பனைக்கு வரும். எனக்குப் போதுமானது சின்ன மாற்றம்: சான்றிதழில் எண்களுக்குக் கீழே, தோல்வி வெற்றி எதுவும் சொல்லாமல், ‘எஞ்சின் விளக்கு எரிந்தது’ அல்லது ‘எரியவில்லை’ என்று ஒரு வரி அச்சிடட்டும். அதைப் பார்த்தாவது அடுத்த வருடம் லைசன்ஸ் மாதம் வருவதற்குள் சொந்தக்காரர் ஒருநாள் காரைக் கராஜில் விட்டு, வயரை ஆட்டிப் பார்க்கச் சொல்லட்டும்.